அமெரிக்க வகுப்பறையில் மறைத்து வைத்த துப்பாக்கி: வாக்கும் இல்லாத, ஆயுத உரிமையும் இல்லாத நம் மாணவர்கள்

காளஹஸ்தி: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காளஹஸ்தி, ரேணிகுண்டா, திருப்பதி வட்டாரங்களிலிருந்து சென்னை விமான நிலையம் நோக்கிச் செல்லும் வாகனங்களில், பெரிய பெட்டிகளோடு அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்படும் பிள்ளைகளைக் காணலாம். விசா கிடைத்த கையோடு காளஹஸ்தி கோயிலில் ராகு–கேது பூஜையையும் முடித்துவிட்டுச் செல்லும் குடும்பங்கள் உண்டு. கல்விக் கட்டணம் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்குமா, எச்1பி விசா வாய்ப்பு எப்படி என்று பெற்றோர் கேட்கும் கேள்விகளின் பட்டியல் நீளமானது. ஆனால், 'என் பிள்ளை சேரும் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருக்கிறது? அங்கே பக்கத்து இருக்கையில் அமர்பவர் சட்டப்படி துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கலாமா?' என்ற கேள்வி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. அமெரிக்காவில் அதற்கான பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அந்தப் பதிலைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகமோ வாஷிங்டனில் உள்ள மத்திய அரசோ அன்று, மாநிலச் சட்டமன்றங்கள்.

2024–25 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்தியர்களின் எண்ணிக்கை 3,63,019 என்கிறது அந்நாட்டின் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கை. வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்கே முதலிடம். அவர்களில் ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலிருந்து சென்றோரின் பங்கு பெரிது. வெளிநாட்டு மாணவர்களை அதிகம் ஈர்க்கும் மாநிலங்கள் கலிஃபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் என்ற வரிசையில் அமைகின்றன. முதல் இரண்டிலும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பொதுமக்கள் துப்பாக்கி கொண்டுவருவது குற்றம். மூன்றாவதில், உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரலாம்.

ஒரே ஆண்டு, எதிரெதிர்த் திசைகள்

இந்தப் பிளவுக்கு 2015ஆம் ஆண்டே நல்ல சான்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட், 'கேம்பஸ் கேரி' என்று பரவலாக அறியப்படும் எஸ்.பி. 11 சட்டத்தில் கையெழுத்திட்டார். சில மாதங்கள் கழித்து, அக்டோபரில், கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நேர்மாறான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அங்கே உரிமம் உள்ளவர்களுக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டு, நிர்வாகத்தின் அனுமதியின்றி யாரும் வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்றானது. இரண்டு மாநிலங்களும் ஒரே அரசியல் சாசனத்தின் கீழ், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் ஒரே இரண்டாவது திருத்தத்தின் கீழ் இயங்குபவை.

அந்த உரிமையை விரிவாக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றமும், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற 'உணர்திறன் மிக்க இடங்களில்' தடை விதிப்பது செல்லும் என்று 2008, 2022 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே, வகுப்பறைக்குள் துப்பாக்கியை அனுமதித்தே தீர வேண்டும் என்று அரசியல் சாசனம் எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அனுமதித்தவை அரசியல் முடிவாகவே அனுமதித்தன. ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநர் நேதன் டீல் 2016இல் இத்தகைய மசோதாவை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார்; மறு ஆண்டே, சில திருத்தங்களுடன் வந்த மசோதாவில் கையெழுத்திட்டார். ஓராண்டு இடைவெளியில் மாறியது அரசியல் கணக்குதான்.

டெக்சாஸ் சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக 50 ஆண்டுகளுக்கு முன், 1966 ஆகஸ்ட் 1 அன்று, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்ற முன்னாள் மரைன் படை வீரர் ஒருவர் கீழே நடந்து சென்றவர்களைச் சுட்டு வீழ்த்தினார். அமெரிக்க வளாகத் துப்பாக்கிச் சூடுகளின் வரலாற்றை அந்த நாளிலிருந்தே பலரும் எழுதத் தொடங்குகிறார்கள். தேதி தற்செயலாக அமைந்தது என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் கூறினர். ஆஸ்டின் மக்களில் பலருக்கு அந்த விளக்கம் போதவில்லை.

சட்டத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர், டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் அப்போதைய வேந்தர் வில்லியம் மெக்ரேவன். ஒசாமா பின் லேடனைக் கொன்ற நடவடிக்கையை மேற்பார்வையிட்ட கடற்படைத் தளபதி அவர். வாழ்நாள் முழுவதும் ஆயுதங்களோடு பழகியவரே வகுப்பறைக்கு அவை வேண்டாம் என்று சட்டமன்றத்துக்கு எழுதினார். சட்டமன்றம் கேட்கவில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க், தம் வகுப்பில் துப்பாக்கிக்கு இடமில்லை என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவைக்கப் போவதாக அறிவித்தார். கட்டடக்கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஃபிரெட்ரிக் ஸ்டைனர் இச்சட்டத்தையும் ஒரு காரணமாகக் கூறி பென்சில்வேனியாவுக்குச் சென்றார். மூன்று பேராசிரியைகள் வழக்குத் தொடுத்தனர். வழக்காட அவர்களுக்குத் தகுதி இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் கைவிரித்தது.

இதற்கு முன்பே யூட்டா பல்கலைக்கழகம் தன் தடையைக் காப்பாற்ற நீதிமன்றம் சென்று 2006இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கொலராடோ பல்கலைக்கழகம் 2012இல் தோற்றது. வளாகம் பல்கலைக்கழகத்துடையதாக இருக்கலாம், வளாகத்தின் சட்டம் சட்டமன்றத்துடையது என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

கோபிசெட்டிபாளையத்தை எட்டிய செய்தி

இந்த விவாதம் நமக்குத் தொலைவான ஒன்று என்று எண்ணுவோர் 2007 ஏப்ரல் 16ஐ நினைவுகூர வேண்டும். அன்று காலை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நாரிஸ் ஹால் கட்டடத்தில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, கான்பூர் ஐஐடி, பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் எனப் படித்து உயர்ந்தவர்; கால் நூற்றாண்டு அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். துப்பாக்கியோடு நுழைந்த மாணவர் ஒருவர் அவரையும் அவருடைய மாணவர்கள் பலரையும் வகுப்பறையிலேயே சுட்டுக் கொன்றார். அன்று உயிரிழந்தோர் மொத்தம் 32 பேர். மும்பையைச் சேர்ந்த முதுநிலை மாணவி ஒருவரும் அவர்களில் அடக்கம்.

இன்றைய கேம்பஸ் கேரி சட்டங்களில் பெரும்பாலானவை இந்தப் படுகொலைக்குப் பின் எழுந்த இயக்கத்தின் விளைவுகள். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்கான மாணவர் அமைப்பு அவ்வாண்டே தோன்றியது. அவர்களின் வாதம் எளிமையானது: வர்ஜீனியா டெக் வளாகத்தில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது, தடை கொலையாளியைத் தடுக்கவில்லை, சட்டத்தை மதித்தவர்களின் கைகளை மட்டுமே கட்டிப்போட்டது. 2006 தொடக்கத்தில் வர்ஜீனியா சட்டமன்றத்தில் வந்த இத்தகைய மசோதா துணைக்குழுவிலேயே மடிந்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

எதிர்த்தரப்பு அதே நிகழ்விலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டது. தனக்குத்தானே ஆபத்தானவர் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதிமன்றமே கருதிய இளைஞர், கடையில் முறைப்படி இரண்டு கைத்துப்பாக்கிகளை வாங்க முடிந்தது எப்படி என்பதே அவர்களின் கேள்வி. நீதிமன்றப் பதிவு, துப்பாக்கி விற்பனைக்கு முன் செய்யப்படும் பின்னணிச் சோதனைக்கான பட்டியலைச் சென்றடையவில்லை. ஓட்டை அங்கே இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. படுகொலை நடந்த வர்ஜீனியாவில், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் தடை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அந்தத் துயரத்தின் பெயரால் சட்டம் மாறியது பெரும்பாலும் பிற மாநிலங்களில்: மிசிசிப்பி, ஐடஹோ, டெக்சாஸ், டென்னசி, கன்சாஸ், ஆர்கன்சாஸ், ஜார்ஜியா என்று பட்டியல் நீண்டு, 2024 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவையும் 2025 ஜூலையில் வயோமிங்கையும் எட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே வார்ப்பில் அமைந்தவை என்று சொல்ல முடியாது. டென்னசியில் அனுமதி முழுநேர ஊழியர்களுக்கு மட்டும். ஜார்ஜியாவில் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம்; பேராசிரியரின் அலுவலகத்துக்குள்ளும் விடுதிக்குள்ளும் கூடாது.

அனுபவம் காட்டியது என்ன?

ஆயுதம் ஏந்திய நல்லவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதே ஆதரவாளர்களின் மைய நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த நிகழ்வுகள் சிலவே. 2015 அக்டோபர் 1 அன்று ஓரிகன் மாநிலத்தின் அம்ப்குவா சமுதாயக் கல்லூரியில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று வளாகத்தில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் ராணுவ வீரரான மாணவர் ஒருவர் இருந்தார். அவர் வெளியே ஓடவில்லை. விரைந்து வரும் காவல் படையினர் தம்மையே கொலையாளி என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும் என்று கருதியதாகப் பின்னர் தொலைக்காட்சியில் கூறினார். பயிற்சி பெற்றவரின் அந்த முடிவு விவேகமானது. விவேகமான அந்த முடிவே ஆதரவாளர்களின் நம்பிக்கையில் விரிசலாகவும் அமைகிறது.

தவறுதலாக வெடித்தவையும் உண்டு. ஐடஹோவில் சட்டம் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த உதவிப் பேராசிரியரின் கால்சட்டைப் பையில் இருந்த துப்பாக்கி வெடித்து அவருடைய பாதத்திலேயே குண்டு பாய்ந்தது. டெக்சாஸில் சட்டம் வந்து ஆறு வாரங்களே ஆன நிலையில் டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது, யாருக்கும் காயமில்லை.

நியாயமாகச் சொன்னால், எதிர்ப்பாளர்கள் அஞ்சியபடி டெக்சாஸ் வளாகங்கள் போர்க்களங்களாகிவிடவில்லை. அதே நேரத்தில், ஆதரவாளர்கள் வாக்களித்த பாதுகாப்பும் கண்கூடாக வந்துவிடவில்லை. மாறியது வேறொன்று. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2016 பிப்ரவரியில் ஆசிரியர் பேரவை நடத்திய கூட்டத்தில் காட்டப்பட்ட ஒரு விளக்கப்படம் நாடெங்கும் பேசுபொருளானது. உணர்ச்சியைத் தூண்டும் விஷயங்களைப் பேசும்போது கவனமாக இருங்கள், சில தலைப்புகளைப் பாடத்திட்டத்திலிருந்து கைவிடுவதையும் யோசியுங்கள், மாணவர் கோபத்தில் இருப்பதாகத் தோன்றினால் மேலே போகாதீர்கள் என்ற பொருள்பட அது ஆசிரியர்களுக்கு அறிவுரை கூறியது. மதிப்பெண் குறைந்த மாணவர் கதவைத் தட்டும்போது எழும் தயக்கம் எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் பல நேரங்களில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துபவர், உதவித்தொகைக்காக ஆசிரியர் உதவியாளராகப் பணிபுரியும் நம் ஊர் முதுநிலை மாணவர்தான்.

சட்டத்தின் கீழே, சட்டத்துக்கு வெளியே

இங்கேதான் இந்திய மாணவரின் நிலை அமெரிக்க மாணவரின் நிலையிலிருந்து பிரிகிறது. ஆஸ்டினிலோ டல்லாஸிலோ படிக்கும் உள்ளூர் மாணவருக்கு இச்சட்டம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் வாக்களிக்கலாம். பிடித்திருந்தால் உரிமம் பெற்றுத் தாமும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மாணவர் விசாவில் இருக்கும் இந்தியருக்கு வாக்குரிமை இல்லை. துப்பாக்கி உரிமையும் பெரும்பாலும் இல்லை. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படவும் நேரும். தற்காப்பு என்ற பெயரில் இயற்றப்பட்ட சட்டம், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு பிரிவினருக்கு அந்தத் தற்காப்பைத் தரவே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று அறியவும் அவர்களுக்கு வழியில்லை. மறைத்து வைப்பதே சட்டத்தின் நிபந்தனை.

டெக்சாஸில் உரிமத்துக்கான வயது தொடக்கத்தில் பொதுவாக 21ஆக இருந்தது. 2022இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே 18 முதல் 20 வயதினருக்கும் வழி திறந்தது. இளநிலை மாணவர்களில் பலர் 21ஐ எட்டாதவர்கள் என்பதால் துப்பாக்கி கொண்டுவருவோர் சிலரே இருப்பர் என்று அப்போது சமாதானம் கூறப்பட்டது. அந்தச் சமாதானம், முதுநிலை வகுப்புகளில் நிறைந்திருக்கும் நம் மாணவர்களுக்குப் பொருந்தவே இல்லை. அவர்களின் வகுப்புத் தோழர்கள் ஏறத்தாழ அனைவரும் அந்த வயதைக் கடந்தவர்கள்.

தடைக்கு விலக்கு ஒன்று உண்டு: வேட்டை உரிமம் பெற்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வாங்கலாம். வேடர் கண்ணப்பர் வில்லோடு சந்நிதிக்குள் நுழைந்த கதையைக் கேட்டு வளர்ந்த காளஹஸ்திக்காரர்களுக்கு வேட்டைக்குத் தரப்படும் இந்தச் சலுகை வியப்பாக இருக்காது. ஆனால் அதன் விளைவு ஒன்றைத் தெலுங்கு மாநிலங்கள் பார்த்துவிட்டன. 2024 நவம்பரில் தெலங்கானாவைச் சேர்ந்த 23 வயது மாணவர் ஒருவர் அட்லாண்டாவில் தம் பிறந்தநாளன்று, புதிதாக வாங்கிய வேட்டைத் துப்பாக்கி தவறுதலாக வெடித்து உயிரிழந்தார்.

நம் மாணவர்கள் துப்பாக்கிக்குப் பலியான நிகழ்வுகளில் மிகுதியானவை வளாகத்துக்கு வெளியே நடந்தவை என்பதையும் மறைக்கக் கூடாது. 2025 அக்டோபரில் டல்லாஸ் பகுதியில் பெட்ரோல் நிலையத்தில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹைதராபாத் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2007 டிசம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகக் குடியிருப்பிலேயே ஒன்றுபட்ட ஆந்திரத்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றத்தில் வளாகத்துக்குள் துப்பாக்கியை அனுமதிக்கும் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தாலும், மாணவர் விசாவில் வந்தவர்களின் கையில் அது எந்த ஆயுதத்தையும் கொடுத்திருக்காது.

ஏர்ப்பேட்டில் என்ன சட்டம்?

காளஹஸ்தியிலிருந்து ரேணிகுண்டா செல்லும் வழியில் உள்ள ஏர்ப்பேடு வட்டாரத்தில்தான் திருப்பதி ஐஐடி இயங்குகிறது. அங்கே உரிமம் பெற்ற ஒருவர் கைத்துப்பாக்கியுடன் நுழைய முடியுமா? முடியாது. ஆயுத உரிமத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளிலேயே, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் சிறப்பு அனுமதியின்றித் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கோ கல்வி நிறுவன வளாகத்துக்கோ ஆயுதத்தைக் கொண்டுசெல்லக் கூடாது என்று இருக்கிறது. இதை ஆந்திரச் சட்டப்பேரவை நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆயுதங்கள் என்பது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 5ஆவது இனம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அமராவதிக்கும் சென்னைக்கும் லக்னோவுக்கும் ஒன்றே. டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று பிரிந்து நிற்கும் வாய்ப்பே இங்கே இல்லை.

அதற்காக நாம் பெருமூச்சு விட்டு நிம்மதி அடைய முடியாது. 2015 நவம்பர் 17 அன்று சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள் ஆடைக்குள் ஆயுதங்களை மறைத்து வந்தவர்கள் மேயர் கட்டாரி அனுராதாவைச் சுட்டுக் கொன்றனர். தாக்கப்பட்ட அவருடைய கணவர் மோகனும் உயிரிழந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 2025 அக்டோபரில், அவ்வழக்கில் ஐவருக்குச் சித்தூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 ஏப்ரலில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் விடுதிக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். வட மாநில வளாகங்களில் கள்ளத் துப்பாக்கிகளின் நடமாட்டம் அவ்வப்போது செய்தியாகிறது. கடுமையான சட்டம் இருந்தும் கள்ள ஆயுதம் உள்ளே வருகிறதே என்ற டெக்சாஸ் ஆதரவாளரின் வாதம் இங்கும் ஓரளவு செல்லும். வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே வளாகத்தில் துப்பாக்கி தென்பட்டால் அது குற்றம் என்று காவலாளிக்கும் மாணவருக்கும் ஐயமின்றித் தெரியும். டெக்சாஸ் பொதுப் பல்கலைக்கழகத்தில், சுடும் வரைக்கும் அது உரிமையாகவே இருக்கலாம்.

திருமலைக்குச் செல்லும் ஒவ்வொரு வாகனமும் அலிபிரியில் நிறுத்திச் சோதிக்கப்படுவதற்குப் பழகியவர்கள் நாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. ஆகவே தடை உள்ள மாநிலமும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. 2025 மார்ச்சில் ஃபுளோரிடா செனட் குழு கேம்பஸ் கேரி மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதம் 17ஆம் தேதி ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். தடை தோற்றதற்கு இதுவே சான்று என்று ஒரு தரப்பும், துப்பாக்கிகள் மலிந்ததற்கே சான்று என்று மறுதரப்பும் உடனே பேசத் தொடங்கின.

சேர்க்கைக்கு முன் பார்க்க வேண்டியவை

மாநிலத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியாகாது. டெக்சாஸ் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்கள் விலகிக்கொள்ளலாம். ரைஸ், சதர்ன் மெதடிஸ்ட் உள்ளிட்ட ஏறத்தாழ எல்லாத் தனியார் பல்கலைக்கழகங்களும் விலகியே நிற்கின்றன. நம் மாணவர்கள் மிகுதியாகச் சேரும் டல்லாஸ், ஆர்லிங்டன், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகங்கள் மூன்றும் அரசு நிறுவனங்கள். அவற்றிலும் குறிப்பிட்ட சில இடங்களை விலக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. எந்த ஆய்வகம், எந்த விடுதி, எந்த ஆலோசனை மையம் என்ற பட்டியலை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் 'கேம்பஸ் கேரி' என்ற தலைப்பின் கீழ் வெளியிடுகிறது. ஆஸ்டினில் வளாக விடுதிகளில் சில விலக்குகள் தவிரத் துப்பாக்கிக்கு இடமில்லை.

கல்வி ஆலோசனை நிறுவனங்கள் வாடகை எங்கே குறைவு என்பதைச் சொல்லும் அக்கறையோடு இந்தப் பக்கத்தையும் மாணவருக்குக் காட்டலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. நம் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் பருவத்திலேயே விடுதியை விட்டு, நால்வர் ஐவராகச் சேர்ந்து வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்துத் தங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.